கடலோரப் பயணத்துக்குத் திட்டம் வகுத்தல்

சென்னையிலிருந்து தரங்கம்பாடி வரை கடலோரமாகக் காரில் செல்லத் திட்டமிடுபவர் தொலைவைவிட வெளிச்சத்தையே முதலில் கணக்கில் கொள்வது நல்லது. ஏனெனில் இக்கரையில் கதிரவன் கடலிலிருந்து எழுவதால், மாமல்லபுரக் கடற்கரைக் கோயிலில் உப்புக்காற்று அரித்து மழுங்கிய சிற்பங்கள் காலையின் சாய்வொளியில் தெளியும் அளவுக்கு நண்பகலில் தெளிவதில்லை. அடுத்து வரும் சதுரங்கப்பட்டினத்துக்குப் பலரும் நேரம் ஒதுக்குவதில்லை என்பது வருந்தத்தக்கது. அங்கே டச்சுக்காரர் கட்டிய செங்கற்கோட்டைக்குள் கிடக்கும் கல்லறைப் பலகைகளில், எழுத்துகளும் ஓர வேலைப்பாடும் கருங்கல்லிலிருந்து புடைத்து நிற்கும் நேர்த்தியை நின்று பார்ப்பவரே உணர முடியும்.

கடப்பாக்கத்தை ஒட்டிய ஆலம்பரைக் கோட்டை, 1760இல் ஆங்கிலேயரால் தகர்க்கப்பட்டு, உப்பங்கழியின், அதாவது கடல்நீரும் நன்னீரும் கலந்து தேங்கும் நீர்ப்பரப்பின், கரையில் சிதைந்து நிற்கிறது. இரவுத் தங்கல் புதுச்சேரியில் அமைந்தால், மறுநாள் காலை பிச்சாவரத்தின் அலையாத்திக் காட்டில், அதாவது உவர்நீரில் வேரூன்றி வளரும் மரக்கூட்டத்தினூடே, வெயில் ஏறுமுன் படகில் செல்லலாம்.

1620இல் தஞ்சை நாயக்கரின் இசைவோடு டேனியர் குடியேறி, 1845இல் ஆங்கிலேயருக்கு விற்ற தரங்கம்பாடியில், டான்ஸ்போர்க் கோட்டையையும் பழைய வீதிகளையும் நடந்தே பார்க்க ஒரு முழு மாலை வேண்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்வதால், இப்பயணத்துக்கு ஜனவரியும் பிப்ரவரியுமே மிக ஏற்றவை.