எண்ணெய் பூசிய கல்லும் முப்பரிமாணப் பிரதியும்

திருச்சுழிக்குப் பக்கத்தில் ஒரு கண்மாய்க்கரை. அய்யனாருக்கு விட்ட மண்குதிரையைச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்துக்கொண்டிருந்தேன், செல்போனில்தான். எட்டுக்கு ஒரு படம். ஒரு படத்தில் விழுந்ததில் பாதிக்கு மேல் அடுத்ததிலும் விழவேண்டும். வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த வேளார் பெரியவர், 'என்ன தம்பி இத்தன சுத்து சுத்துறீங்க, நேர்த்திக்கடனா?' என்றார். கம்ப்யூட்டருக்குள் குதிரையை அப்படியே செய்து வைக்கப்போகிறோம், இனி அழியாது என்றேன். 'அழியலேன்னா அடுத்த குதிரைய எதுக்குச் செய்யச் சொல்லுவாக?' என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.

ஒளிப்படத்திலிருந்து அளவெடுப்பது புதிதல்ல. 1858இல் ஜெர்மனியின் வெட்ஸ்லார் தேவாலயத்தை அளக்கப்போன மைடன்பவர் மேலிருந்து விழப் பார்த்தார்; படமெடுத்தே அளந்தால் என்ன என்ற யோசனை அங்கே பிறந்தது என்பார்கள். 2001இல் தாலிபான்கள் பாமியான் புத்தரைத் தகர்த்த பிறகு, சூரிச்சில் பழைய படங்களைக் கொண்டே அதன் உருவைக் கணக்கிட்டு எடுத்தார்கள். பல படங்களில் விழுந்த ஒரே புள்ளியைக் கண்டுபிடித்து, காமிரா எங்கெங்கே நின்றது என்று கணக்கிட்டு, புள்ளிகளை அடுக்கி உருவாக்குவதுதான் முறை. இன்று அது நம் சட்டைப்பைக்கு வந்துவிட்டது.

இதெல்லாம் அதிகாரத்தின் கண் என்று ஒரே வரியில் ஒதுக்கிவிடுகிற தோழர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஸ்ரீபுரந்தான் நடராசர் 2014இல் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பியதற்கு, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1994இல் எடுத்துவைத்திருந்த படங்கள் முக்கியச் சாட்சி. 1982இல் களவுபோன கல்லிடைக்குறிச்சி நடராசர் 2019இல் வந்து சேர்ந்ததிலும் அந்த நிறுவனத்தின் பழைய படத்துக்குப் பங்குண்டு. களவு கொடுத்தவன் கையில் இருந்த ஒரே ஆயுதம் பிரதிதான்.

ஆனால் பிரதி யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி தீரவில்லை. நம் கல்வெட்டுகளுக்கும் ஒரு காலத்தில் பிரதியெடுத்தார்கள். திருச்சுழியை ஒட்டிய பள்ளிமடத்துப் பாண்டியர் கல்வெட்டுகளும் மைப்படியாகி, நூலில் ஏறின. மைப்படிகளைக் காத்த அலுவலகம் 1966இல் ஊட்டியிலிருந்து மைசூருக்குப் போனது. தமிழ்க் கல்வெட்டுப் படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர 2021இல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை உத்தரவிட வேண்டியிருந்தது. கல் ஊரில், படி வெளியூரில், பொருள் சொல்லும் உரிமை பண்டிதரிடம். முப்பரிமாணப் பிரதியும் இந்தத் தடத்தில்தான் போகும். மைசூருக்குப் பதில் ஏதோ ஒரு கம்பெனியின் சர்வர்.

இன்னொன்று, தொழில்நுட்பம் சார்ந்த சங்கதி. மினுங்குகிற பரப்பு இந்தக் கணக்குக்கு ஒத்துவராது. காமிரா நகர நகர மினுக்கமும் நகரும், புள்ளிகள் பொருந்தாது. எண்ணெய்க்காப்பு ஊறிக் கருத்த சாமி கணினிக்குள் குழம்பிய களிமண்ணாக வருகிறது. பூசை நின்று, காய்ந்து, வெயிலில் கிடக்கும் கல்லோ துல்லியமாக வருகிறது. அதாவது மக்கள் கைவிட்டதையே நன்றாகக் காப்பாற்றும் முறை இது. படத்துக்காக எண்ணெயைத் துடைக்கச் சொல்லும் ஆய்வாளர், தான் எதைத் துடைக்கச் சொல்கிறார் என்று யோசிக்க வேண்டாமா?

நம்மூரில் பிரதிக்கு வேறொரு இலக்கணம் உண்டு: பிடிமண். மூலக்கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துப்போய் வேறு ஊரில் வைத்தால் அங்கும் அதே சாமி. உருவ ஒற்றுமை தேவையில்லை, உறவு போதும். புரவியெடுப்புக்கும் ஊர் பிடிமண் கொடுத்தால்தான் வேளார் கைவைப்பார். இதை ஊர் ஒற்றுமை என்று கொண்டாட நான் தயாரில்லை. பிடிமண் கொடுப்பது யார், முதல் மரியாதை யாருக்கு, புரவி எந்தத் தெரு வழியாகப் போகும், போகாது என்பதெல்லாம் சாதிக் கணக்கு. ஆனால் அந்தத் தகராறும் சேர்ந்ததுதான் குதிரை. திரையில் சுழலும் குதிரைக்குத் தெருவும் இல்லை, தகராறும் இல்லை. சுத்தமான 'பாரம்பரியம்' கிடைத்துவிடுகிறது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு காட்டில் சாய்ந்து நின்ற நடுகல்லை வருசக்கணக்கில் முன்பு பதினோரு படம் எடுத்தேன். அடுத்த முறை போனபோது இடத்தைச் சமப்படுத்தியிருந்தார்கள்; கல் இல்லை. படங்களைக் கணினியில் ஏற்றிப் பார்த்தேன். வீரனின் முகமும் ஓங்கிய கையும் வந்தன. பின்பக்கம் ஓட்டை. அன்று நான் பின்னால் போகவில்லை. முள்ளு அப்பியிருந்தது. மென்பொருள் அந்த ஓட்டையைத் தானே மூடித் தருவதாகச் சொன்னது. வேண்டாமென்று விட்டேன். அந்தக் கல்லுக்கு வருசாவருசம் பொங்கல் வைத்த குடும்பத்தின் கதையை நான் கேட்டு வைக்கவில்லை என்பது அதைவிடப் பெரிய ஓட்டை.

ஆகவே படமெடுப்போம், நிறையவே எடுப்போம். எடுத்தவுடன் ஒரு படி அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இருக்கட்டும். அந்த ஊராரிடம் காசு கேட்காத, கடவுச்சொல் கேட்காத படியாக இருக்கட்டும். கல்லின் அளவோடு, அதைக் கும்பிடுகிறவர் சொன்னதும், கும்பிட விடாமல் தடுக்கப்பட்டவர் சொன்னதும் சேர்ந்தே பதிவாகட்டும். அடுத்த புரவியெடுப்புக்கு வேளாருக்குக் கண்மாய் மண் எடுக்க அனுமதி கிடைக்கிறதா என்பதையும், காப்பாற்றுவதைப் பற்றிப் பேசுகிற நாம்தான் விசாரிக்க வேண்டும்.