கோவலன் கொலையும் வார்த்திகன் சிறையும்

சிலப்பதிகாரத்தில் பொருள் கவர்ந்ததாகப் பொய்ப்பழி சுமந்தோர் இருவர். ஒருவன் கோவலன், மற்றொருவன் திருத்தங்கால் ஊரினனாகிய வார்த்திகன். பின்னவன் வரலாறு கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வத்தின் கூற்றாகச் சுருங்க வருகின்றது. இதனைப் பாண்டியர் குடிப்பெருமை கூறும் கிளைக்கதை எனக் கடந்து செல்வாருளர். அங்ஙனம் கொள்ளின், பண்டைத் தண்டமுறை பற்றிக் காப்பியம் உணர்த்துவது புலப்படாது என்பது எம் கருத்து.

களவுக்குக் கொலைத்தண்டம் என்பது முன்னோர்க்குப் புதுமையன்று. திருக்குறள் செங்கோன்மை அதிகாரத்தின் இறுதிக் குறளுக்கு உரை வகுத்த பரிமேலழகர், கொலைத்தண்டத்திற்குரிய கொடியோருள் கள்வரையும் எண்ணினார். வழக்குரை காதையில், கள்வனைக் கொல்லுதல் கொடுங்கோலாகாது என்றே பாண்டியனும் விடையிறுத்தான். கண்ணகி அந்நெறியை மறுத்திலள்; தன் கணவன் கள்வனல்லன் என்பதனையே நிறுவினாள். ஆராயாத மன்னன் என்றே அவனை விளித்தாள். ஆகவே அவள் கொணர்ந்த வழக்கு தண்டத்தின் கடுமை பற்றியதன்று, ஆராய்ச்சியின்மை பற்றியதாகும். ‘வெருவந்த செய்யாமை’ அதிகாரத்தின் முதற்குறளும் ஆராய்தலை முன்னும் ஒறுத்தலைப் பின்னும் வைத்தமை ஈண்டு நினைத்தற்குரியது.

ஆராய்தற்கு நெடுங்காலம் வேண்டியதுமில்லை. அரசியின் சிலம்பு முத்துப்பரல் உடையதென்பதை அரசன் அறிவான். கோவலனை அவைக்கு அழைத்து வினவியிருப்பின், மாணிக்கப்பரல் அன்றே உண்மையைக் காட்டியிருக்கும். அரசன் பிழையை ஊழ்வினைமேல் ஏற்றி அவனை விடுவிப்பாரும் உளர். ஊழின் வலியை அடிகள் கூறினார் என்பது உண்மையே. ஆயினும் அரசன் தேராது ஆணையிட்டான் என்பதனையும் அவரே கூறினார். ஒன்றைக் கொண்டு மற்றொன்றை மறைத்தல் பொருந்தாது.

இனி வார்த்திகனை நோக்குவோம். புதையலைக் கவர்ந்தான் எனப் பழி கூறி அரசன் ஏவலர் அவனைச் சிறையிலிட்டனர். அவன் மனைவி கார்த்திகை அழுதரற்ற, ஐயை கோயிற் கதவம் திறவாதாயிற்று. அது கேட்ட பாண்டியன் நிகழ்ந்ததனை வினவி அறிந்தான், வார்த்திகனை விடுவித்தான், திருத்தங்காலையும் வயலூரையும் அளித்துப் பிழை பொறுக்குமாறு வேண்டினான்.

இரண்டிடத்தும் பழி பொய். இரண்டிடத்தும் மனைவியின் துயரே அரசன் செவியை எட்டியது. வேறுபாடு தண்டத்தில் உளது. சிறைப்பட்டவன் உயிரோடிருந்தமையால் முறை திருந்திற்று; கொலையுண்டவன் திறத்தில், உண்மை தெளிந்த பின்னரும் அரசன் செய்தற்குரியது தன்னுயிர் துறத்தலன்றிப் பிறிதில்லையாயிற்று. கணவனை இழந்து நிற்கும் கண்ணகிக்கே மதுராபதி இக்கதையைக் கூறுகின்றாள். பாண்டியர் செங்கோலைப் புகழ வந்த இக்கதை, மீட்க இயலாத தண்டத்தின் தீமையையும் உடன் உணர்த்துதலின், இதனைக் காப்பியத்தின் உயிர்ப்பகுதிகளுள் ஒன்றாகவே கொள்ளல் தகும்.