அடிக்குறிப்பில் இருக்கும் மரம்

பொம்மையார்பாளையத்தில், கடலரிப்புக்காகக் கொட்டிய கருங்கல் ஒன்றின் மேல் உட்கார்ந்துதான் அந்தப் படத்தைத் தோழிக்கு அனுப்பினேன். திராவிட மொழிக்குடும்பத்தின் மரம். கூடவே ஒரு வரி: "4500 வருஷம். இப்பவாவது ஒத்துக்கோ, தெலுங்கு எங்ககிட்டருந்து பிரிஞ்சதுதான்." அவள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், பல தலைமுறையாக விழுப்புரத்துக்காரர்கள். பதில் உடனே வந்தது: "கட்டுரையைப் படிச்சியா, படத்தை மட்டும் பாத்தியா?"

படத்தை மட்டும்தான் பார்த்திருந்தேன். கட்டுரையைப் படித்த பிறகு இதை எழுதுகிறேன்.

விஷ்ணுபிரியா கோலிபாகமும் ஆறு பேரும் சேர்ந்து 2018 மார்ச்சில் வெளியிட்ட ஆய்வு அது. 20 திராவிட மொழிகளின் அடிப்படைச் சொற்களை அந்தந்த மொழி பேசுபவர்களிடமே நேரில் கேட்டுத் திரட்டி, எவை ஒரே வேரிலிருந்து வந்தவை என்று குறித்து, புள்ளியியல் வழியில் மரம் கட்டுகிறது. செய்திகளில் பரவிய 4500 என்பது அந்த 20 மொழிகளுக்கும் பொதுவான மூதாதையின் வயது. தமிழின் வயது அல்ல. மரத்தில் தமிழ் வேரிலும் இல்லை, நடுத்தண்டிலும் இல்லை. தெலுங்கு, துளு, குடுக், பிராகுவி மாதிரியே அதுவும் ஒரு நுனி. அந்த 4500கூட ஒரு வீச்சின் நடுப்பகுதிதான். வீச்சு ஏறக்குறைய 3000 ஆண்டிலிருந்து 6500 வரை போகிறது. எந்தச் செய்தித் தலைப்பிலும் இந்த வீச்சை நான் பார்க்கவில்லை.

ஒரு மரம் இன்னொன்றைவிடச் சரி என்று எப்படிச் சொல்கிறார்கள்? இதற்கு நம்மிடையே பழைய உதாரணம் ஒன்று உண்டு. 1983இல் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி, புள்ளியியலாளர் லிங்கன் மோசஸ், டக்ளஸ் டான்ஃபோர்த் மூவரும் கோண்டி, கோண்டா, கூயி, குவி, பெங்கோ, மண்டா என்ற ஆறு மொழிகளை எடுத்துக்கொண்டார்கள். நம் 'உரல்' தெலுங்கில் 'ரோலு' ஆனதே, அதே வகை ஒலிமாற்றம் இம்மொழிகளில் எந்தெந்தச் சொல்லைத் தொட்டது, எதை விட்டது என்று பட்டியலிட்டார்கள். ஆறு மொழிகளை இரண்டிரண்டாகக் கிளைபிரித்தால் 945 மரங்கள் வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி: இந்த மரம் உண்மையென்றால், அந்த மாற்றம் குறைந்தது எத்தனை முறை தனித்தனியாக நடந்திருக்க வேண்டும்? எண்ணிக்கை குறைந்த மரத்துக்கே மதிப்பு.

ஆறு மொழிக்கு 945 என்றால் 20 மொழிக்கு? 8க்குப் பின்னால் 21 சைபர் போட வேண்டும். அத்தனையையும் கணினியாலும் எண்ண முடியாது. அதனால் 2018 ஆய்வு பேய்ஸ் முறையைக் கையாள்கிறது. கணினி ஒரு மரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும், தரவுக்கு நன்றாகப் பொருந்தும் மரங்களின் பக்கம் அதிக நேரம் தங்கும். கடைசியில் கையில் இருப்பது ஆயிரக்கணக்கான மரங்கள். படத்தில் ஒவ்வொரு கிளைச் சந்திப்பின் அருகிலும் உள்ள எண், அந்தக் கூட்டணி இவற்றில் எத்தனை பங்கில் வந்தது என்பதைச் சொல்கிறது. நான் தோழிக்கு அனுப்பிய படத்தில் அந்த எண்களை யாரோ அழித்திருந்தார்கள்.

இலக்கியம் படிக்கிறவர்களுக்கு இது புதிதில்லை. இங்கிருந்து பஸ் ஏறினால் சீக்கிரம் வந்துவிடும் புதுச்சேரியில், பிரெஞ்சு ஆய்வுப் பள்ளியின் திட்டத்தில் எவா வில்டன் குறுந்தொகையைப் பல சுவடிகளோடு ஒப்பிட்டு 2010இல் பதிப்பித்தார். அவருக்கு வெகுமுன்பே உ.வே.சா. பாடபேதங்களை அடிக்குறிப்பில் தந்தார். மேலே ஓடும் பாடல் பதிப்பாசிரியரின் தேர்வு. கீழே இருப்பது அந்தத் தேர்வு எவ்வளவு நிச்சயம் என்பதன் கணக்கு. மொழிமரத்துக்கும் அப்படி ஓர் அடிக்குறிப்பு உண்டு. சங்கப் பாடலில் ஒரு எழுத்து மாறினால் சண்டைக்குப் போகிற நாம், மரத்தை மட்டும் அடிக்குறிப்பை வெட்டிவிட்டுப் பகிர்கிறோம்.

அந்த அடிக்குறிப்பில்தான் எங்கள் சண்டைக்கும் பதில் இருக்கிறது. வடக்கு, மத்திய, தெற்கு ஒன்று, தெற்கு இரண்டு என நான்கு கிளைகளும் கிடைக்கின்றன. தமிழ் தெற்கு ஒன்றில், தெலுங்கு தெற்கு இரண்டில். ஆனால் இந்த நான்கும் தங்களுக்குள் எப்படி உறவு என்பதில் கணிசமான நிச்சயமின்மை உள்ளதாக ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். தெலுங்கை மத்தியக் கிளையோடு வைத்த காலமும் உண்டு, தமிழ்க் கிளைக்குப் பக்கத்தில் கொண்டுவந்த காலமும் உண்டு. அந்த வழக்கை இந்தத் தரவு தீர்க்கவில்லை.

ஆய்வின் மேல் எனக்கு இரண்டு குறைகள் உண்டு. சொற்கள் மாறும் வேகம் எல்லாக் கிளையிலும் ஒன்றா, கிளைக்குக் கிளை வேறா என்று பல மாதிரிகளை மோதவிட்டு, வேகம் வேறுபடலாம் என்ற மாதிரியைத் தேர்கிறார்கள். இந்த ஒப்பீடு பந்தயத்தில் ஓடிய மாதிரிகளில் எது மேல் என்று சொல்லும். ஓடாத மாதிரியைப் பற்றி அதனிடம் பேச்சே கிடையாது. பக்கத்து வீட்டு மொழியிடம் கடன் வாங்கியபடியே வாழ்வதை, பிரிவதை மட்டுமே அறிந்த மரம் எப்படிக் காட்டும்? அடுத்தது, இரண்டாயிரம் வருட எழுத்துள்ள தமிழ், மரத்தின் நுனியில் இன்று பேசுபவரின் ஒரு சொற்பட்டியலாக மட்டும் நிற்கிறது. பழைய தமிழையும் ஒரு நுனியாக வைத்திருந்தால் காலக்கணக்கு இன்னும் இறுகியிருக்கலாம்.

இருந்தாலும் தன் சந்தேகத்தை எண்ணாக எழுதிவைத்த ஆய்வு இது. அந்த நேர்மை நான் அனுப்பிய ஒரு வரியில் இல்லை.

மறுபடி அதே கல்லில் உட்கார்ந்து எழுதினேன்: "படிச்சேன். உன் மொழி எங்க மொழியிலருந்து பிரிஞ்சதுன்னு அதுல எங்கயுமே இல்ல. ரெண்டும் நுனிதான். நான் சொன்னது தப்பு." கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது: "எங்க பாட்டி உரலை ரோலுன்னுதான் சொல்லும். அதையும் எழுது."

எழுதிவிட்டேன்.