வஸ்வாஸும் அல்பல்கீயும்: ஒரு மறுபார்வை

ஹிஜ்ரி 322இல் (கி.பி. 934) மறைந்த அபூ ஸைத் அல்பல்கீயைப் புவியியல் அறிஞராகவே பலரும் அறிவர். உடல்நலம், உளநலம் இரண்டையும் ஒருசேர ஆராயும் ‘மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்’ என்ற நூலும் அவருடையதே. அதன் உளநலப் பகுதியைச் சூடான் நாட்டு உளவியல் பேராசிரியர் மாலிக் பத்ரி ஆங்கிலத்தில் பெயர்த்து 2013இல் வெளியிட்டார். ஒன்பதாம் நூற்றாண்டு மருத்துவர் ஒருவரின் ‘அறிதல் நடத்தைச் சிகிச்சை’ என்பது அவர் சூட்டிய துணைத்தலைப்பு. எண்ணச் சுழற்சி நோய்க்கு (ஓ.சி.டி.) மேற்குலகம் இன்று தரும் சிகிச்சையை நாம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கண்டுவிட்டோம் என்று இத்தலைப்பைக் கொண்டு பெருமிதம் கொள்வோர் உண்டு. அப்பெருமிதத்தில் பாதி நியாயம் இருக்கிறது. மறுபாதி நோயாளிக்குத் தீங்காக முடியக்கூடும் என்பதே நம் கவலை.

நியாயமான பாதியை முதலில் சொல்லிவிடுவோம். கோபம், அச்சம், துயரம் ஆகியவற்றிலிருந்து வஸ்வாஸைப் பிரித்து, அதற்கெனத் தனி அத்தியாயம் ஒதுக்கியவர் அல்பல்கீ. விரும்பாமலே வந்து மனத்தைப் பற்றிக்கொண்டு, வாழ்வின் இன்பத்தையும் பிற அலுவல்களையும் கெடுக்கும் எண்ணம் என அதை வரையறுக்கிறார். ஷைத்தானின் ஊசலாட்டத்தைக் காரணமாகச் சொல்லும் அவர், பிறவியில் அமைந்த உடற்கூற்றையும் ஒரு காரணமாகக் கொள்கிறார். “ஈமான் குறைந்ததால் வந்தது” என்று நோயாளியைக் குற்றவாளியாக்கும் வழக்கம் இன்றும் நம் மஹல்லாக்களில் மறையாத நிலையில், இது சிறிய செய்தியன்று.

அவர் கூறும் மருந்து என்ன? தனிமையையும் வேலையின்மையையும் தவிர்த்தல். மனத்துக்கு இன்பமான ஈடுபாடுகளைத் தேடுதல். அச்சம் பொய்யென அறிவைக் கொண்டு தனக்குள் வாதிடுதல். நம்பகமான நண்பரின் சொல்லைத் தன் எண்ணத்தினும் மேலாகக் கொள்ளுதல். கவலைக்கு இவை நல்ல மருந்துகள். ஆனால் ஓ.சி.டி.க்கு இன்று முதன்மையாகப் பரிந்துரைக்கப்படும் உளவியல் சிகிச்சை இதிலிருந்து விலகிய பாதையில் செல்கிறது.

லண்டனில் விக்டர் மேயர் 1966இல் வெளியிட்ட கட்டுரையில் அதன் தொடக்கத்தைக் காணலாம். கழுவிக்கொண்டே இருந்த நோயாளியை அவர் அஞ்சும் பொருள்களைத் தொடச் செய்து, கழுவ விடாமல் தடுத்தனர். குழாய் நீரையே நிறுத்திவைத்தனர். கழுவாமலே பதற்றத்தைத் தாங்கிக்கொள்ள மனம் பழகியது. இன்று வற்புறுத்தலின்றி, நோயாளியின் இசைவுடன், எளியதிலிருந்து கடினமானதற்குப் படிப்படியாக இதைச் செய்கின்றனர். எண்ணத்தோடு வாதிட இங்கே இடமில்லை. ஒரு வாதம் வென்றால் அடுத்த ஐயம் எழும். நண்பரிடம் “சரியாகத்தானே செய்தேன்?” என்று திரும்பத் திரும்பக் கேட்பதும் இந்நோயில் ஒரு சடங்காகிவிடும். அல்பல்கீயின் அறிவுரையை அப்படியே பின்பற்றினால் அச்சடங்குக்கு எண்ணெய் ஊற்றியதாகும்.

வியப்பு என்னவெனில், மேயரின் முறைக்கு நெருங்கிய உறவு நம் மரபில் ஃபிக்ஹு நூல்களில்தான் இருக்கிறது. உறுதியானது ஐயத்தால் நீங்காது என்பது சட்ட அறிஞர்களின் அடிப்படை விதி. உளூ முறிந்ததோ என ஐயுறுபவர், சப்தத்தையோ வாடையையோ உணராதவரை தொழுகையை விட்டு விலக வேண்டாம் என்ற நபிமொழி இதன் வேர். இப்னு குதாமா (ரஹ்) வஸ்வாஸ் உடையோரைக் கண்டித்துத் தனிநூலே எழுதினார். அதன் தொனி சற்றுக் கடுமையானது, நோயுற்றவர் கையில் கொடுக்கத் தயங்குவோம். ஷாஃபிஈ மத்ஹபின் இப்னு ஹஜர் அல்ஹைதமீயோ (ரஹ்) வஸ்வாஸுக்கு மருந்து, அதை முற்றாகப் பொருட்படுத்தாதிருத்தலே என்றார். எண்ணம் வரட்டும், செயல் வேண்டாம் என்பதற்கு இது எவ்வளவு அருகில் நிற்கிறது! நாவால் சொல்லவும் அஞ்சும் எண்ணங்கள் எழுவதாக நபித்தோழர்கள் முறையிட்டபோது, அந்த அச்சமே தெளிவான ஈமான் என நபி (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள். இறைநிந்தனை எண்ணங்களால் வதைபடுவோர்க்கு இதைவிட ஆறுதல் வேறில்லை.

இவ்விதிகளை அறிந்திருந்தும் நோயாளியால் நிறுத்த முடிவதில்லை. அதனால்தான் அது நோய். பயிற்சி தரும் உளவியலாளரும், தேவைப்பட்டால் செரோடோனின் சார்ந்த மருந்துகளை எழுதித் தரும் மனநல மருத்துவரும் அங்கே வேண்டும். பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் இதற்கெனத் தனிப் பிரிவே உள்ளது.

ஆலிமுக்கும் இதில் பங்குண்டு. உறுப்புகளை மும்முறைக்கு மேல் கழுவாமல் குழாயை மூடுவது பாவமா என்று நோயாளி கேட்டால், இல்லை என்று தெளிவாக ஒருமுறை சொல்வது சிகிச்சைக்குத் துணை. அதே கேள்வியோடு அவர் மறுநாளும் அதற்கு மறுநாளும் வரும்போது, முன்பே பதில் சொல்லியாயிற்று என்று கனிவோடு திருப்பி அனுப்புவதும் துணையே. பத்ரியின் நூலைத் தமிழில் பெயர்க்க முன்வருவோர் துணைத்தலைப்பை விட்டுவிட்டு, இப்னு ஹஜரின் அந்த விடையைப் பின்னிணைப்பாகச் சேர்த்தால் நல்லது.