‘இத்தனை வருஷமா யாரும் கேக்கலையே’

ஒரு தீர்ப்பை இலக்கியப் பிரதியைப்போல வாசிக்கலாமா என்று தோழர்கள் கேட்கிறார்கள். வாசிக்கலாம். யார் பேசுகிறார், யாருக்காகப் பேசுகிறார், யாருடைய வாய் அடைக்கப்படுகிறது என்று கவிதையிடம் கேட்பதைத்தானே தீர்ப்பிடமும் கேட்கப் போகிறோம்.

அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் கிரான்ஸ்டன் என்றொரு ஊர். அங்குள்ள அரசு உயர்நிலைப் பள்ளி அரங்கத்தின் சுவரில் 1963லிருந்து எட்டடி உயரத்துக்கு ஒரு பிரார்த்தனை இருந்தது. பரலோகத் தந்தையை விளித்துத் தொடங்கும், ‘ஆமென்’ என்று முடியும். நடுவில் இருப்பதெல்லாம் நல்ல சங்கதிதான்: அன்பா இருக்கணும், விளையாட்டுல பெருந்தன்மை வேணும், பள்ளிக்கூடத்துக்குப் பேர் வாங்கித் தரணும். இதை எடுக்கச் சொன்னவர் அங்கே படித்த, கடவுள் நம்பிக்கை இல்லாத மாணவி ஜெசிகா ஆல்குவிஸ்ட். 2011 மார்ச்சில் பள்ளிக் குழு நான்குக்கு மூன்று வாக்கில் ‘இருக்கட்டும்’ என்றது. வழக்குப் போட்டார். 2012 ஜனவரியில் நீதிபதி ரொனால்ட் லாகோ எடுக்கச் சொல்லித் தீர்ப்பளித்தார். அப்போது அந்தப் பெண்ணுக்கு வயது 16.

அந்த வாசகம் சுவரேறிய அதே 1963லேயே, அரசுப் பள்ளிகளில் பைபிள் வாசிப்பு செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வழக்குக்கும் வித்து ஒரு மாணவன்தான். பென்சில்வேனியாவின் அபிங்டனில் எல்லரி ஷெம்ப் 1956ல் பைபிள் வாசிக்கிற நேரத்தில் குர்ஆனைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். சட்டம் மாறிய பிறகும் சுவர் மாற ஐம்பது வருஷம் ஆனது.

பள்ளித் தரப்பு என்ன சொன்னது? இது மதமில்லை, வரலாறு, மரபு. நீதிபதி அந்த வாசகத்தை முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை வாசித்தார். பிரார்த்தனை பிரார்த்தனைதான் என்று முடித்தார். மதமில்லை என்று சொன்னவர்களின் கூட்டமே மத எழுப்புதல் கூட்டம்போல ஆகிப்போனதையும் குறித்து வைத்தார். நல்ல வாசிப்பு. ஆனால் எனக்கு அது போதவில்லை.

‘இத்தனை வருஷமா யாரும் கேக்கலையே’ என்ற வாதத்தை நாம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இது தெருப்பேச்சு மட்டுமல்ல. 2005ல் டெக்சாஸ் தலைமைச் செயலக வளாகத்தின் பத்துக் கட்டளைக் கல் தப்பியபோது, நாற்பது வருஷம் யாரும் எதிர்க்கவில்லை என்பதை நீதிபதி பிரேயர் ஒரு காரணமாகவே எடைபோட்டார். மௌனத்தைச் சம்மதம் என்று படிக்கிற வாசிப்பு இது.

ஏன் கேட்கவில்லை என்பதற்குப் பதிலை கிரான்ஸ்டனே எழுதிக் காட்டியது. அந்தப் பெண்ணை ஒரு மாநில சட்டமன்ற உறுப்பினர் வானொலியில் ‘கெட்ட ஜந்து’ என்கிற தோரணையில் பேசினார். பள்ளிக்கூடம் போகப் போலீஸ் துணை வேண்டியிருந்தது. அவருக்கு யாரோ அனுப்பிய பூங்கொத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க உள்ளூர்ப் பூக்கடைகள் மறுத்தன. கேட்டால் இதுதான் விலை என்று தெரிந்திருந்தால் யார் கேட்பார்கள்?

எங்க ஊர் டீக்கடையிலும் இரட்டை டம்ளர் இருந்தது. ‘ஒங்க தாத்தாவே ஒண்ணும் சொல்லலையே’ என்பான் கடைக்காரன். தாத்தா ஏன் சொல்லலை என்று அவனுக்கும் தெரியும்.

நான் படித்தது அரசுப் பள்ளி. சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள் வகுப்பறையைக் கழுவிவிட சேரிப் பிள்ளைங்களைத்தான் கூப்பிடுவார்கள். படத்தை எடுத்து வைக்க, பொட்டு வைக்க வேறு பிள்ளைங்க. சுண்டல் எங்க கையில் மேலிருந்து விழும். முழுக்க அரசுப் பணத்தில் நடக்கிற பள்ளியில் மத போதனை கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 28வது பிரிவு. ‘இது போதனையா? பண்பாடு சார்’ என்பார்கள். போதனைதான். யார் கழுவணும், யார் தொடணும் என்று அந்த ஒருநாளில் கற்றதை வேறு எந்தப் பாடமும் எனக்கு அவ்வளவு தெளிவாகக் கற்றுத் தரவில்லை.

பிறகு எம்.ஏ.வில் மரபியல் படித்தேன். குட்டி, கன்று, குருளை என்று இளமைப் பெயர் சொல்லிக்கொண்டே வருகிற தொல்காப்பியம், பிற்பகுதியில் அந்தணர்க்கு இன்னது, அரசர்க்கு இன்னது என்று பங்கு பிரிக்கிறது. இடைச்செருகல் என்பார்கள் சிலர். இருக்கட்டும். செருகினவனுக்கு ‘மரபு’ என்ற தலைப்புத்தான் வாகாக இருந்திருக்கிறது.

ஆகவேதான் கிரான்ஸ்டன் வெற்றியை மட்டும் கொண்டாட முடியவில்லை. அந்தத் தீர்ப்பு பயன்படுத்திய அளவுகோல்களில் முக்கியமான ஒன்றை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2022ல் கைவிட்டது. இனி வரலாற்று வழக்கங்களைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும் என்றது. 2024ல் லூசியானா மாநிலம் ஒவ்வொரு வகுப்பறையிலும் பத்துக் கட்டளை மாட்டச் சட்டம் போட்டது. பெற்றோர்கள் மறுபடி நீதிமன்றம் போனார்கள். வழக்கமே சட்டத்துக்கு அளவுகோல் என்றால், அந்த வழக்கத்தில் வாய் திறக்க முடியாமல் இருந்தவர்கள் எந்தப் பக்கத்தில் எழுதப்படுவார்கள்? அடக்கப்பட்டவனின் மௌனம் அடக்கியவனின் சாட்சியாக மாறிவிடும்.

அந்தத் துடைப்பத்தை நான் வாங்கிக்கொண்டேன். ஒன்பதாம் வகுப்பு. எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. என் பள்ளியின் பழைய கதையை நாளை ஒருவர் எழுதினால், ‘எல்லாப் பிள்ளைகளும் மகிழ்ச்சியோடு பூஜையில் கலந்துகொண்டார்கள்’ என்ற வரியில் நானும் இருப்பேன். அந்த வரியை அடித்துவிடத்தான் இதை எழுதுகிறேன். நான் சம்மதிக்கவில்லை. பயந்திருந்தேன்.