சக்கரத்துக்கு மருந்து, கூண்டுக்கு?

பறவைக்காய்ச்சல் என்றதும் பேப்பரில் வருவது ஒரே படம்தான்: சோதனைச்சாவடி, முகக்கவசம் போட்ட ஊழியர், லாரிச் சக்கரத்தில் ஒரு பீய்ச்சல். 2021 ஜனவரியில் ஆலப்புழாவிலும் கோட்டயத்திலும் நோய் உறுதியானபோது கோவை எல்லையில் இதைத்தான் பார்த்தோம். 2024 பிப்ரவரியில் நெல்லூரில் வந்தது. ஆவடி, பூந்தமல்லிக்காரர்களுக்கு நெல்லூர் அப்படியொன்றும் தூரமில்லை.

தெளிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனா அது சுத்தம் செய்தது ஆகாது. எச்சமும் ரத்தமும் ஒட்டியிருக்கிற இடத்தில் குளோரினும் சரி, பெர்மாங்கனேட்டும் சரி, முதலில் அந்த அழுக்கோடு வினைபுரிந்தே தீர்ந்துபோகும். வைரஸுக்கு மிச்சம் இருக்காது. அதோடு மருந்து ஈரமாகச் சில நிமிஷமாவது நிற்கணும். ஓடுகிற சக்கரத்தில் அது எங்கே நடக்கும்?

பண்ணைக்காரர்களுக்கு இது தெரியாமலில்லை. ஒரு பேட்ச் போனதும் லிட்டரை அள்ளி, சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவி, காயவிட்டு, அப்புறம்தான் மருந்தும் சுண்ணாம்பும். கடைசியில் புகைமூட்டம்: 100 கன அடிக்கு 40 மில்லி ஃபார்மலின், 20 கிராம் பெர்மாங்கனேட் என்பது பழைய கணக்கு. நம்ம ஊர் ஷெட்டோ வலையடித்த திறந்த ஷெட். படுதாவை இறக்கினாலும் வாயு எவ்வளவு நேரம் நிற்கும்? (ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே சொல்லிவிட்டது. உள்ளே போகிற கூலியாளுக்கு அதை யார் சொன்னார்கள்?)

இவ்வளவும் செய்த ஷெட் வாசலில் லாரி வந்து நிற்கிறது. அதில் அடுக்கியிருக்கும் பிளாஸ்டிக் கூண்டுகள் அம்பத்தூரிலும் பூந்தமல்லியிலும் கடை கடையாகக் கோழி இறக்கிவிட்டுத் திரும்பியவை. அடித்தட்டில் எச்சம் காய்ந்து கெட்டியாகியிருக்கும். சக்கரத்துக்கு மருந்து உண்டு, இதற்கு இல்லை. என் புகார் இதுதான்: பண்ணையின் சுத்தத்தைப் பண்ணைக்குள்ளேயே தேடுகிறோம், அழுக்கு வருவது சந்தையிலிருந்து.

ஹாங்காங் இதை அடிபட்டுக் கற்றுக்கொண்டது. 1997-ல் அங்கே எச்5என்1 18 பேருக்குத் தொற்றி 6 பேர் இறந்தார்கள். 2001-ல் உயிர்க்கோழிக் கடைகளுக்கு மாதம் ஒரு நாள் ஓய்வு என்று விதித்தார்கள். விடுமுறை மட்டுமில்லை, இருக்கிற கோழியெல்லாம் தீர்ந்து, கூண்டு காலியாகி, கழுவப்பட வேண்டும். அந்த நாளுக்குப் பிறகு கோழிகளில் எச்9என்2 வைரஸ் கிடைப்பது குறைந்தது. 2008-ல் ராத்திரி கடையில் கோழி தங்கவே கூடாது என்று போனார்கள். இதில் புது மருந்து எதுவும் இல்லை, காலிக் கூண்டும் தண்ணீரும்தான்.

நம்மிடமும் மூடும் நாள் இருக்கிறது: திருவள்ளுவர் தினம், வள்ளலார் நினைவு நாள், மகாவீர் ஜெயந்தி, காந்தி ஜெயந்தி. இறைச்சிக் கடைக்கு ஷட்டர் இறங்கும். விற்காத கோழி மட்டும் உள்ளே கூண்டிலேயே கிடக்கும், மறுநாள் புது லோடு அதோடு சேரும். முந்தின ராத்திரியே கூண்டு காலியாகணும், கழுவணும் என்று அந்த உத்தரவில் ஒரு வரி சேர்க்கலாம். கழுவுகிற இடம், தண்ணீர், வடிகால், இதற்கெல்லாம் செலவு யாருடையது என்பதை மாநகராட்சிகளும் கால்நடைத் துறையும் உட்கார்ந்து பேசட்டும்.