பிரேத பரிசோதனையும் ஸ்கேன் படமும்

இறந்தாரது உடலைக் கத்தியால் அறுத்து ஆராயும் முறைக்கு மாற்றாக, அதனைச் சீ.ரீ. ஸ்கேன், எம்.ஆர்.ஐ. ஆகிய கருவிகளாற் படம்பிடித்து இறப்பின் காரணத்தைத் துணியலாம் என்னும் கொள்கை வலுப்பெற்று வருகின்றது. 'மெய்நிகர் பிரேத பரிசோதனை' என இதற்கொரு பெயரும் இட்டுள்ளனர். புதுதில்லி எய்ம்ஸ் நிறுவனம் 2021ஆம் ஆண்டில் இம்முறையைத் தொடங்கியபோது, விரைவும் இறந்தார்க்குரிய மாண்புமே பெரிதும் பேசப்பட்டன. உடல் சிதையாது என்னும் அச்சிறப்பு மெய்யே. ஆயினும் அதுவே இம்முறையின் தலையாய சிறப்பாகுமா என்பது ஆராயத்தக்கது.

உடல் சிதையாமையை வேண்டுவோரின் மனநிலையைக் கண்டிப் பகுதியில் வாழ்வார்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. தோட்டமொன்றில் ஒருவர் காரணந் தெரியாது திடீரென இறப்பாராயின், 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின்படி மரண விசாரணை நிகழ்தல் வேண்டும். விசாரணை அதிகாரியோ நீதவானோ பணித்தால் அரசாங்க வைத்தியர் உடலைப் பரிசோதிப்பர். லயத்து வாசலிற் பந்தலிட்டுக் காத்திருக்கும் சுற்றத்தார், நீராட்டிக் கோடி போர்த்த வேண்டிய உடல் தையலோடு திரும்பி வருதலைக் கண்டு மனம் நைவர். கடைவீதியில் வாழும் முஸ்லிம் குடும்பத்துக்கும் இத்துயரம் ஒன்றே. இங்கிலாந்தில் மஞ்செஸ்டர் நகரத்து யூத சமூகத்தார் இதே காரணம்பற்றி வேண்டியதனாலேயே, 1990களின் பிற்பகுதியில் எம்.ஆர்.ஐ. கொண்டு இறந்தாரைப் பரிசோதிக்கும் சேவை அங்குத் தொடங்கிற்று. ஏறக்குறைய அதே காலத்திற் சுவிற்சர்லாந்தின் பேர்ண் பல்கலைக்கழகத்துச் சட்டவைத்திய அறிஞரும் இத்துறையில் முனைந்தனர். முன்னையோர்க்குச் சமயம் தூண்டுகோல், பின்னையோர்க்குச் சான்று. இவ்விரு நோக்கங்களும் வெவ்வேறானவை என்பதைப் பாராட்டுவோர் பலர் மறந்துவிடுகின்றனர்.

சமய நோக்கம் ஒன்றையே கொண்டு கத்தியை அறவே விலக்க முற்படின் இடர் விளையும். சீ.ரீ. கருவியானது உடலைச் சுற்றிப் பல கோணங்களினின்றும் எக்ஸ்-கதிர்களைச் செலுத்தி, ஊடுருவி வெளிப்படும் கதிரின் அளவைக் கணினியாற் கணித்து, உடலின் குறுக்குவெட்டுத் தோற்றங்களை ஆக்குவது. 1971இல் இலண்டனில் நோயாளியொருவரின் தலையை முதன்முதற் படம்பிடித்த இக்கருவி உயிருள்ளோர்க்கென ஆக்கப்பட்டதாகும். உயிருள்ளவரின் நாளத்திற் செலுத்திய சாயம் குருதியோடு ஓடி அடைப்பைக் காட்டும். இறந்தவரின் இதயமோ இயங்குவதில்லை. ஆகவே மாரடைப்பு, நுரையீரற் குழாயடைப்பு முதலியவற்றை வெறும் படம் எளிதிற் காட்டிக்கொடாது. மஞ்செஸ்டரிலும் ஒக்ஸ்போட்டிலும் 182 இறப்புக்களை இருமுறையாலும் ஆராய்ந்து 2012இல் 'லான்செற்' ஏட்டில் வெளிவந்த ஆய்வு இதனைத் தெளிவாக்கிற்று. அறுத்துக் கண்ட காரணத்தோடு சீ.ரீ. 32 சதவீதத்திலும் எம்.ஆர்.ஐ. 43 சதவீதத்திலும் பெரிதும் முரண்பட்டன. மூன்றிலொரு முறை பிழைக்கும் சாட்சியைத் தனிச்சாட்சியாகக் கொள்ளும் நீதிமன்றம் எதுவோ? இறந்தவரின் இதயக் குழாய்களிலே சாயத்தைப் புறத்திருந்து செலுத்திப் படம்பிடித்த லெஸ்டர் ஆய்வு (2017), 92 சதவீத இறப்புக்களுக்குக் காரணங் கூறவல்லதாயிற்று என்பதையும் உடன்வைத்து நோக்குதல் நேர்மையாகும்.

நஞ்சுக்கோ நிழலே இல்லை. பூச்சிகொல்லியருந்தி மாண்டவரது குருதியையும் இரைப்பைப் பொருளையும் அரச பகுப்பாய்வாளர்க்கு அனுப்பாது, படத்தை மட்டும் நோக்கி முடிவுகூறல் இயலாது. மறுபுறத்தில், எலும்பு முறிவையும் குண்டு சென்ற வழியையும் படம் கத்தியினும் நன்கு காட்டும். குருதிக்குழாயிற் புகுந்து உயிரைப் போக்கிய காற்று, கத்தி பட்டவுடன் வெளியேறி மறைந்துபோகவுங் கூடும்.

இனி, பாராட்டுவோர் போதிய அளவு பேசாத சிறப்பொன்றுண்டு. அறுவை, தான் ஆராயும் பொருளையே மாற்றிவிடுகின்றது. இரண்டாவதாக ஆராய வருபவர் காண்பது முன்னவரின் கத்தி கடந்த உடலை. முன்னவர் எழுதிவைத்த குறிப்பே அவர்க்குப் பெருந்துணை. ஸ்கேன் படமோ முதல்நாள் இருந்தவாறே இருக்கும். எத்தனை வைத்தியரும் எத்தனை ஆண்டு கழித்தும் அதனைப் புதிதாக ஆராயலாம்.

இதன் பெறுமதியை 2021ஆம் ஆண்டின் நிகழ்ச்சியொன்று உணர்த்தும். கொழும்பில் ஒரு வீட்டிலே பணிபுரிந்த டயகமத் தோட்டத்துச் சிறுமி எரிகாயங்களுக்குள்ளாகி யூலை 15ஆம் நாள் இறந்தாள். முதற் பரிசோதனை முடிந்து ஊரில் நல்லடக்கமும் நிகழ்ந்தது. ஐயங்கள் எழவே, நீதிமன்ற ஆணைப்படி யூலை 30ஆம் நாள் புதைகுழி தோண்டப்பட்டு, உடல் பேராதனைப் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டது. நிபுணர் குழு மீண்டும் ஆராய்ந்தது. மகளை ஒருமுறை மண்ணுக்குக் கொடுத்த தாய், மீண்டும் கொடுக்க நேர்ந்தது. நிபுணர்முன் கிடந்ததும் இறந்து இரு வாரங் கடந்த உடலே. எரியூட்டும் வழக்கமுடைய குடும்பமொன்றில் இது நேர்ந்து, உடல் முன்னரே தீக்கு இரையாகியிருப்பின், இரண்டாம் ஆராய்ச்சிக்கு இடமே இராது.

ஆதலின் கத்திக்கு முன்னதாகப் படம் என்பதே பொருந்தும் முறையாகும். உயிருள்ள நோயாளர் காத்து நிற்க எல்லா உடல்களையும் கருவிக்குள் இடுதல் தகாது என்பார் கூற்றும் ஏற்புடைத்தே. எனினும் தடுப்புக்காவலில் இறந்தவர், பணியிடத்தில் இறந்த சிறுவர், சுற்றத்தார் ஐயுற்று முறையிடும் பிறர் ஆகியோரது உடல்களையேனும், முதற்கத்தி படுமுன், இரவில் நோயாளர் வராத வேளை பார்த்துப் படம்பிடித்து, அப்படத்தை நீதவானின் பொறுப்பில் வைத்தல் கூடும்.